ஹார்மோன் இருந்தா மட்டும் மீன் வளர்ந்துடுமா? அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற புரதங்களைப் பத்தி

போன ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல ஜிலேபி மீன் வாங்க நின்னுட்டிருந்தேன், பக்கத்துல ஒரு அக்கா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இது ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்ததாண்ணே, பையனுக்குக் குடுக்கலாமா"ன்னு கடைக்காரர்கிட்ட கேட்டாங்க. அவரு "அதெல்லாம் இல்லக்கா, நல்ல மீன்"னு சொன்னாரு, அதுக்கு மேல அவருக்கும் சொல்லத் தெரியல, அக்கா வாங்காமயே போயிட்டாங்க. புள்ளைக்குப் போடுற சாப்பாட்டைப் பத்திக் கேக்குறது தப்பே இல்ல. ஆனா "ஹார்மோன்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள நாலஞ்சு வேற வேற விஷயத்தைப் போட்டுக் கலக்கிட்டோம். அதை விட முக்கியமா, ஹார்மோன் ஏறினா மீன் வளரும், இறங்கினா வளராதுன்னு குழாயைத் திறந்து மூடுற மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கோம். நிஜத்துல அப்படி நடக்கல. நடுவுல ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருக்கு, அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல, அதுக்காகத்தான் இதை எழுதுறேன். பயாலஜி படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, மெதுவா போவோம்.

அந்த ஊசி எதுக்கு

ஊசி போடுறது உண்மைதான், ஆனா அது வளர்றதுக்குப் போடுற ஊசி இல்ல. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மழைக்காலத்துல ஆத்துல வெள்ளம் வரும்போது முட்டை விடுற மீனுங்க, தேங்கி நிக்கிற குளத்துல எவ்வளவு நல்லா தீனி போட்டு வளர்த்தாலும் முட்டை விடாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊர்ல ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பியோட சாறை ஊசியா போட்டு கெண்டை மீனை முட்டை விட வெச்சாரு. அந்த நாளைத்தான் இன்னைக்கு தேசிய மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடுறாங்க. அந்த ஊசி போறது இனப்பெருக்கத்துக்கு வெச்சிருக்கிற தாய் மீனுக்கும் ஆண் மீனுக்கும்தான், அதுல பொறந்த குஞ்சுக்கு யாரும் ஊசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதில்ல.

ஜிலேபி மீன்ல இன்னொரு பழக்கம் இருக்கு, பல நாடுகள்ல குஞ்சுப் பருவத்துல மூணு நாலு வாரம் தீவனத்தோட ஆண் ஹார்மோன் கலந்து குடுத்து எல்லாத்தையும் ஆணா மாத்திடுவாங்க, ஏன்னா பொட்டை மீன் குளத்துலயே குஞ்சு போட்டுப் போட்டு எதுவுமே சைஸ் வராது. அது பாலின ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோன் இல்ல. அது சரியா தப்பான்னு தனியா பேச வேண்டிய விஷயம், நான் சொல்றது அது வேற இது வேறன்னுதான்.

வளர்ச்சி ஹார்மோனை வெச்சே செஞ்ச மீனும் ஒண்ணு உண்டு. அட்லாண்டிக் சால்மனுக்குள்ள சினூக் சால்மனோட வளர்ச்சி ஹார்மோன் ஜீனை வெச்சு ஒரு மீனை உருவாக்கினாங்க, அமெரிக்காவுல 2015 நவம்பர்ல உணவா விக்கலாம்னு அனுமதி கிடைச்சுது. சாதாரண சால்மன் விக்கிற சைஸுக்கு வர மூணு வருஷம் மாதிரி ஆகும், இது 16-லிருந்து 18 மாசத்துல வந்துடும். இதுலயும் ஊசி கிடையாது, நம்ம ஊர் குளத்து ஜிலேபிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இவ்வளவுதான் இப்போதைக்கு: குஞ்சு பொரிக்கிற பண்ணையில போடுற ஊசி முட்டைக்கு, தீவனத்துல கலக்குறது பாலினத்துக்கு. வளர்ச்சி ஹார்மோன்ங்கிறது ஒவ்வொரு மீன் உடம்புக்குள்ளயும் இயற்கையாவே ஊறுற ஒண்ணு.

ஹார்மோன் நிறைய இருந்தும் வளராத மீன்

ஹார்மோன்னா என்ன? உடம்புல ஒரு இடத்துலேர்ந்து ரத்தம் வழியா இன்னொரு இடத்துக்கு அனுப்புற சேதி. அந்தச் சேதியை வாங்கிக்கிறதுக்கு செல்லோட வெளிப்பக்கத்துல ஒரு புரதம் நிக்கும், அதுக்குப் பேரு ரிசெப்டர். ரிசெப்டர்ல வந்து ஒட்டினாத்தான் சேதி உள்ள போகும், ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டிருந்தா ஒண்ணும் நடக்காது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரியிலேர்ந்து வளர்ச்சி ஹார்மோன் வருது. அது நேரா போய் எலும்பையும் சதையையும் வளர்க்குதுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க. அதே 1957-ல அமெரிக்காவுல வில்லியம் சால்மன், வில்லியம் டாகடேன்னு ரெண்டு பேரு (ஆமா, அவரு பேரே சால்மன்தான்) எலியோட குருத்தெலும்பை எடுத்து வெச்சு அது மேல வளர்ச்சி ஹார்மோனை நேரடியா போட்டுப் பார்த்தாங்க, பெருசா ஒண்ணும் நடக்கல. ஆனா வளர்ச்சி ஹார்மோன் குடுத்த எலியோட ரத்தத் தெளிவை, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் மிஞ்சுற தெளிஞ்ச நீரை, எடுத்துப் போட்டா குருத்தெலும்பு வேலை செய்ய ஆரம்பிச்சுது. அப்போ நடுவுல வேற ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. அந்த நடு ஆளுக்குத்தான் பின்னாடி ஐ.ஜி.எஃப்.னு பேரு வந்துது, இன்சுலின் மாதிரியே இருக்கிற வளர்ச்சிக் காரணின்னு அர்த்தம். பிட்யூட்டரி சொல்லுது, ஈரல் ஐ.ஜி.எஃப். செஞ்சு ரத்தத்துல விடுது, அதைக் கேட்டுத்தான் சதையும் எலும்பும் வளருது. மீனுக்கும் இதே வழிதான்.

இங்கதான் ஒரு விசித்திரம். சால்மனைச் சில வாரம் பட்டினி போட்டா அதோட ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் குறையுறதில்ல, ஏறுது! ஆனா மீன் வளராது. ஏன்னா அந்த நேரத்துல வளர்ச்சி ஹார்மோன் சேத்து வெச்ச கொழுப்பைக் கரைச்சு உயிரைப் பிடிச்சு வெக்கிற வேலைக்குப் போயிடுது, ஈரலும் அது சொல்றதைக் காதுல வாங்குறதில்ல, ஐ.ஜி.எஃப். இறங்கிடுது. ஹார்மோன் அதிகமா இருந்தா வளர்ச்சின்னு சொல்ற கணக்கு இந்த ஒரு இடத்துலயே உடைஞ்சுடுது.

பாட்டியோட சுருக்குப்பை

சரி, ஐ.ஜி.எஃப்.பாவது நிறைய இருந்தா வளருமான்னு கேட்டா அதுவும் அப்படியே இல்ல.

எங்க பாட்டி இடுப்புல ஒரு சுருக்குப்பை எப்பவும் இருக்கும். தாத்தா வேலைக்குப் போயிட்டு வந்து கூலியை அப்படியே பாட்டி கையில குடுத்துடுவாரு, அது சுருக்குப்பைக்குள்ள போயிடும். வீட்டுல பணம் இருக்கு, ஆனா யாரும் எடுத்துச் செலவு பண்ண முடியாது. பாட்டி கயித்தை இழுத்துத் திறந்தாத்தான் அஞ்சு ரூபா வெளிய வரும். அந்தப் பை இல்லேன்னா கூலி வந்த அன்னைக்கே பாதி கரைஞ்சுடும், பை இருக்கிறதாலதான் மாசக் கடைசி வரைக்கும் வந்துது. கஷ்ட காலம்னா பாட்டி முடிச்சை இறுக்கிடுவாங்க, யாரு அழுதாலும் திறக்க மாட்டாங்க.

ஐ.ஜி.எஃப்.புக்கும் இப்படி ஒரு சுருக்குப்பை உண்டு, அதுக்குப் பேருதான் பைண்டிங் புரொட்டீன், பிணைப்புப் புரதம். ரத்தத்துல இருக்கிற ஐ.ஜி.எஃப். கிட்டத்தட்ட மொத்தமும் இந்தப் புரதங்க பிடியிலதான் இருக்கு, மனுஷங்க ரத்தத்துல சுதந்திரமா திரியுறது நூத்துல ஒரு பங்கு மாதிரிதான். தனியா விட்டா ஐ.ஜி.எஃப். பத்து நிமிஷம் மாதிரிதான் ரத்தத்துல தாங்கும், பிடியில இருந்தா மணிக்கணக்குல தாங்கும். அதே சமயம், பிடியில இருக்கிற வரைக்கும் அது ரிசெப்டர்ல போய் ஒட்ட முடியாது. காப்பாத்துறதும் தடுக்கிறதும் ஒரே கைதான். இந்தப் புரதம் நல்லதா கெட்டதா, வளர்ச்சிக்கு உதவியா எதிரியான்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட ஒரு வார்த்தையில பதில் இல்ல, ஏன்னா கேள்வியே அப்படிக் கேக்கக் கூடாது. எந்தப் பை, எந்த இடத்துல, எப்போ திறக்குதுன்னு கேக்கணும்.

பிடி எவ்வளவு பலம்னா, ரிசெப்டர் ஐ.ஜி.எஃப்.பைப் பிடிக்கிற அளவுக்கோ அதை விட அதிகமாவோ இந்தப் புரதம் பிடிக்கும். இதோட உருவம் ரெண்டு உள்ளங்கையும் நடுவுல ஒரு நீளக் கயிறும் மாதிரி, ரெண்டு கையும் சேர்ந்து ஐ.ஜி.எஃப்.பைப் பொத்திக்கும். கயித்து மேல கத்தரி விழுந்தா பிடி தளர்ந்துடும், ஐ.ஜி.எஃப். அந்த இடத்துலயே வெளிய வந்துடும். கத்தரிக்கிற வேலையைச் செய்யுறதுக்குன்னே தனிப் புரதங்க இருக்கு, அதுக்குப் பேரு புரோட்டியேஸ்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்குவோம். பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை விடுது, ஈரல் ஐ.ஜி.எஃப். செய்யுது, பிணைப்புப் புரதம் அதைப் பிடிச்சு வெச்சுக்குது, பிடி விட்டாத்தான் செல்லுக்குச் சேதி போகுது.

சால்மன் ரத்தத்துல மூணு கோடு

இது கண்ணுக்குத் தெரியுமான்னா, தெரியும். மீனோட ரத்தத் தெளிவை ஜெல் மேல வெச்சு கரண்ட் விடுவாங்க, சின்னப் புரதம் தூரமா ஓடும், பெருசு மேலயே நிக்கும். அப்புறம் அதை ஒரு தாள் மாதிரி சவ்வுக்கு மாத்தி, அடையாளம் ஒட்டின ஐ.ஜி.எஃப். கரைசல்ல ஊற வைப்பாங்க. ஐ.ஜி.எஃப்.பைப் பிடிக்கத் தெரிஞ்ச புரதம் மட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டுக் கறுப்புக் கோடா தெரியும், மத்த ஆயிரம் புரதமும் கண்ணுக்கே தெரியாது.

சால்மன்ல இப்படிப் பார்த்தா முக்கியமா மூணு கோடு வரும், 41, 28, 22 கிலோடால்டன்கிட்ட. கிலோடால்டன்னா புரதத்தோட எடையைச் சொல்ற அளவு, அவ்வளவுதான். நல்லா சாப்பிடுற மீன்ல 41 தடிப்பா இருக்கும். பட்டினி போட்டா 41 மங்கிக்கிட்டே போகும், கீழ இருக்கிற ரெண்டும், குறிப்பா 22, கறுத்துக்கிட்டே வரும். 41 வந்து வளர்ச்சிக் காலத்துச் சேமிப்புப் பை, கீழ இருக்கிற ரெண்டும் பஞ்ச காலத்துல முடிச்சைப் போடுற கை. ஸ்ட்ரெஸ் வந்தா ஏறுற கார்டிசால் ஹார்மோனும் இந்தப் பஞ்ச காலப் புரதத்தை ஏத்தி விடும், அதனாலதான் அடிக்கடி வலை போட்டுக் கலைக்கிற, நெருக்கி அடைச்சு வெச்ச மீன் தீனி சாப்பிட்டும் சரியா தேறாம போறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

இந்த 41-ஐப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். பிணைப்புப் புரதம் ஒண்ணு இல்ல, பல வகை இருக்கு, அதுக்கு 1, 2, 3-ன்னு நம்பர் போட்டுத்தான் பேர் வெச்சிருக்காங்க. மனுஷங்க ரத்தத்துல முக்கியமான பை 3-ஆம் நம்பர் புரதம். எடையும் குணமும் ஒத்துப்போனதால மீனோட 41-ம் 3-ஆம் நம்பர்தான்னு நிறைய பேர் நம்பினாங்க. ஜப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல இருக்கிற முனேடகா ஷிமிசுவும் அமெரிக்காவுல வால்டன் டிக்காஃபும் அதைத் தனியாப் பிரிச்சு எடுத்து அதோட அமினோ அமில வரிசையைப் பார்த்தாங்க, அது 3 இல்ல, 2-ஆம் நம்பர் குடும்பத்தைச் சேர்ந்தது, இப்போ அதுக்குப் பேரு 2பி. 28-க்கு 1ஏ, 22-க்கு 1பி. மனுஷங்ககிட்ட ஒரு ஆள் பார்க்கிற வேலையை மீன்கிட்ட வேற ஒரு ஆள் பார்க்குது. மனுஷ உடம்புல இப்படின்னா மீன்லயும் அப்படியேதான் இருக்கும்னு எழுதுறவங்களுக்கு நான் எப்பவும் காட்டுற உதாரணம் இதுதான்.

மூச்சு முட்டும்போது

மீன் பண்ணை வெச்சிருக்கிறவங்களுக்கு விடியக்காலைப் பயம் தெரியும். ராத்திரி பூரா பாசியும் மீனும் சேர்ந்து தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை இழுத்துடும், விடியுறதுக்கு முன்னாடி மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும், ஓடிப்போய் ஏரியேட்டரைப் போடணும். மீன் சாகாம தப்பிச்சாலும் அடிக்கடி இப்படி ஆகுற குளத்துல சைஸ் வராது.

2001-ல கலிஃபோர்னியா கரையோரச் சேத்துல வாழுற ஒரு உளுவை வகை மீனை ஆக்சிஜன் குறைவான தண்ணியில விட்டுப் பார்த்தாங்க, அதோட ஈரல்ல 1-ஆம் நம்பர் பிணைப்புப் புரதத்தோட ஜீன் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சிருந்தது. 2005-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல குன்மிங் டுவான் குழு இன்னும் ஒரு படி மேல போனாங்க. அவங்க எடுத்துக்கிட்டது ஜீப்ரா மீன், கொளத்தூர் கலர் மீன் கடைகள்ல ஜீப்ரா டேனியோன்னு விக்கிற கோடு போட்ட அதே குட்டி மீன்தான், கங்கைச் சமவெளி பக்கத்துச் சொந்தக்காரன். அதோட முட்டைக்குள்ள இருக்கிற கருவுக்கு ஆக்சிஜனைக் குறைச்சா வளர்ச்சி மெதுவாயிடும். அந்த 1-ஆம் நம்பர் புரதம் உருவாகாம தடுத்துட்டா, அதே ஆக்சிஜன் குறைவுல கரு முன்ன மாதிரி அவ்வளவு மெதுவாகல. அப்போ ஆக்சிஜன் இல்லாததால உடம்பு தானா தளர்ந்துபோறது மட்டும் இல்ல, "இப்போ வளராதே, இருக்கிறதை வெச்சு உயிர் பிழை"ன்னு உடம்பே முடிச்சைப் போட்டுக்குது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். வளராம இருக்கிறதை நாம நோய்னு நினைக்கிறோம், கருவுக்கு அது பல நேரம் எடுத்த முடிவு.

ஒண்ணு எப்படி இத்தனை ஆச்சு

கல்யாணத்துல ரெண்டு கிரைண்டர் பரிசா வந்துடும். சில வீட்டுல ரெண்டாவது பரண் மேல போய் துருப்பிடிச்சுப் போகும். சில வீட்டுல ஒண்ணு இட்லி மாவுக்கு, இன்னொண்ணு மசாலாவுக்குன்னு பிரிஞ்சுடும், அப்புறம் மசாலா கிரைண்டர்ல மாவு ஆட்ட முடியாது. ஜீனும் அப்படித்தான். ஜீன்னா ஒரு புரதத்தை எப்படிச் செய்யுறதுங்கிற குறிப்பு. அந்தக் குறிப்பு சில சமயம் தவறிப்போய் ரெண்டு பிரதி ஆயிடும், ரொம்ப அபூர்வமா மொத்தக் குறிப்புப் புத்தகமே ரெண்டாயிடும். ரெண்டாவது பிரதி ஒண்ணு வீணாப் போகும், இல்ல புது வேலை எடுத்துக்கும்.

முதுகெலும்புள்ள உயிரினங்களோட ஆதியில இந்தப் புரதத்துக்கு ஒரே ஒரு ஜீன்தான். அது பக்கத்துலயே ஒரு பிரதி உருவாகி ரெண்டாச்சு. அப்புறம் சுமார் 50 கோடி வருஷம் முன்னாடி மொத்தப் புத்தகமும் ரெண்டு தடவை இரட்டிச்சுது, ரெண்டு நாலாகி நாலு எட்டாச்சு, அதுல ரெண்டு காணாம போய் ஆறு மிஞ்சுது. நமக்கு இருக்கிறது அந்த ஆறுதான். எலும்பு மீன்கள்ல பெரும்பாலானதோட முன்னோர்கிட்ட 30 கோடி வருஷத்துக்கும் முன்னாடி இன்னொரு தடவை இரட்டிச்சுது, ஆறு பன்னிரண்டு ஆகணும், ஜீப்ரா மீன்ல எண்ணினா ஒன்பது, 4-ஆம் நம்பர் ரெண்டும் போச்சு, 3-ல ஒண்ணு போச்சு. சால்மன் குடும்பத்துக்கு மட்டும் சுமார் எட்டு, பத்து கோடி வருஷம் முன்னாடி இன்னும் ஒரு இரட்டிப்பு நடந்துது, 2013-ல அட்லாண்டிக் சால்மன்ல எண்ணினப்போ 19 வந்துது. பேருக்குப் பின்னாடி ஏ, பின்னு வர்றதெல்லாம் இந்த இரட்டிப்போட தடம்தான்.

அந்த முதல் ஒண்ணு என்ன வேலை செஞ்சிருக்கும்? கடற்கரை மணல்ல புதைஞ்சு வாழுற ஆம்ஃபியாக்ஸஸ்னு ஒரு சின்ன உயிர் இருக்கு, பார்க்க மீன் குஞ்சு மாதிரி, ஆனா முதுகெலும்பு கிடையாது. அதுக்கு இந்த ஜீன் ஒண்ணே ஒண்ணுதான். அதோட புரதத்தை எடுத்துச் சோதிச்சா அது ஐ.ஜி.எஃப்.பைப் பிடிக்கவே இல்ல! செல்லோட உள்ள, ஜீனெல்லாம் இருக்கிற கருவுக்குள்ள போய் மத்த ஜீனைத் தட்டி எழுப்புற திறமை மட்டும் இருந்துது. நம்மளோட பிணைப்புப் புரதங்க சிலதுலயும் அந்தத் திறமை இன்னும் இருக்கு. பைண்டிங் புரொட்டீன்னு பேர் வெச்சிருக்கோமே, அந்தப் பைண்டிங் வேலையே பின்னாடி வந்து சேர்ந்ததா இருக்கலாம்.

ஒரே செல்லுக்கு ஒரு பை

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ரத்தத்துல. ஆனா சில பை ரத்தத்துக்கே போறதில்ல, ஒரு குறிப்பிட்ட செல்லுக்கு மட்டும் உழைக்குது. நன்னீர் மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தண்ணியிலேர்ந்தே இழுத்துக்கும், அதுக்குன்னு தோல்லயும் செவுள்லயும் தனிச் செல்லுங்க இருக்கு, அயனோசைட்னு பேரு. ஜீப்ரா மீன் குஞ்சுல இந்தச் செல்லுங்க 5ஏ-ங்கிற பிணைப்புப் புரதத்தைத் தானே செஞ்சு வெச்சுக்குது. தண்ணியில கால்சியம் போதுமான அளவு இருக்கிற வரைக்கும் செல் பிரியாம அப்படியே தூங்கும். கால்சியம் குறைஞ்சா ஒரு புரோட்டியேஸ் வந்து 5ஏ-வை வெட்டும், பக்கத்துலயே ஐ.ஜி.எஃப். வெளிய வரும், அந்தச் செல் மட்டும் ரெண்டு நாலாப் பெருகும், கால்சியம் இழுக்கிற வாய் அதிகமாகும். 5ஏ ஜீனையே எடுத்துட்டா மீனுக்கு உடம்புல கால்சியம் ரொம்பக் குறைஞ்சு சீக்கிரமே செத்துடுது. பாருங்க, இங்க பை இல்லாம போனதால ஐ.ஜி.எஃப். தாராளமா கிடைச்சு எல்லாம் செழிக்கல. பிடிச்சு வெக்க ஆள் இருந்தாத்தான் வேண்டிய இடத்துல வேண்டிய நேரத்துல குடுக்கவும் ஆள் இருக்கும்.

கொஞ்சம் ரத்தம்

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேக்கலாம். ஒரு மீன் வளருதான்னு தெரியணும்னா அதே மீனை ரெண்டு தடவை பிடிச்சு எடை போடணும். தொட்டியில முடியும், கடல்ல முடியுமா? அமெரிக்காவோட மேற்குக் கரையில ஆத்துலேர்ந்து கடலுக்கு இறங்கின இளம் சால்மன் பசியில கிடக்கா, தேறி வருதான்னு பார்க்க ஒரு தடவை பிடிச்சு, வாலுக்கிட்ட கொஞ்சம் ரத்தம் எடுத்து ஐ.ஜி.எஃப். அளவைப் பார்க்கிறாங்க, சமீப நாள் வளர்ச்சி அதுல தெரிஞ்சுடும். தண்ணியோட சூடும், மீன் பருவத்துக்கு வந்துட்டுதாங்கிறதும் அந்த அளவை மாத்தும், அதையும் கணக்குல எடுத்துக்கணும். கூடவே 22 கிலோடால்டன் 1பி-யையும் அளந்தா, ஐ.ஜி.எஃப். சொல்லாத இன்னொரு பக்கம் தெரியும். வளர்ச்சி மெதுவாகியிருக்கிற மீனும் எடை கரையுற மீனும் வெளியிலேர்ந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வெள்ளி மாதிரி மினுமினுன்னு, ஒரே நீளத்துல. பட்டினி கிடந்த மீன்ல மட்டும் அந்தக் கீழ்க்கோடு கறுத்திருக்கும்.